லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ் (நிகழ்படப் பதிப்புகள்)

லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ் 1986 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க இசைத் திரைப்படம் ஆகும். ஃபிராங்க் ஓஸ் இதனை இயக்கினார். திரைக்கதையையும் பாடல் வரிகளையும் ஹோவர்ட் ஆஷ்மன் எழுத, ஆலன் மென்கன் பாடல்களுக்கு இசையமைத்தார். நகைச்சுவை, திகில், 1960களின் ராக் இசை ஆகியவற்றைக் கலந்து எடுக்கப்பட்ட இப்படம் திரையரங்குகளில் நடுத்தர வெற்றியையே பெற்றது. ஆயினும் வீட்டு நிகழ்பட வடிவங்களின் வழியாக ஈடுபாடு மிக்க இரசிகர் வட்டம் ஒன்று இதற்கு உருவானது.

இப்படத்தின் நிகழ்படப் பதிப்புகளுக்குத் தனி வரலாறு உண்டு. படத்திற்கு முதலில் எடுக்கப்பட்ட முடிவு வெளியீட்டுக்கு முன்பே நீக்கப்பட்டது. அது 1998 இல் ஒரு டிவிடியின் கூடுதல் இணைப்பாகச் சில நாட்கள் மட்டும் விற்பனைக்கு வந்து திரும்பப் பெறப்பட்டது. 2012 இல் முழு வண்ணத்தில் மீளமைக்கப்பட்டு, படத்தின் பகுதியாகவே வெளியானது.

பின்னணி

ரோஜர் கோர்மன் இயக்கிய 1960 ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைத் திரைப்படமே இக்கதையின் மூலம் ஆகும். மிகக் குறைந்த செலவில், முதன்மைக் காட்சிகள் ஏறத்தாழ இரண்டே நாட்களில் படமாக்கப்பட்டதாக அது பெயர் பெற்றது. ஆஷ்மனும் மென்கனும் அதனை இசை நாடகமாக மாற்றினர். 1982 இல் நியூயோர்க்கின் ஓர்ஃபியம் அரங்கில் தொடங்கிய அந்நாடகம் ஐந்து ஆண்டுகள் ஓடி 2,209 காட்சிகளைக் கண்டது.

நாடகத்தின் வெற்றியைத் தொடர்ந்து டேவிட் கெஃபன் இதனைத் திரைப்படமாகத் தயாரித்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. படப்பிடிப்பு இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புக் கூடத்தில் நடைபெற்றது. ரிக் மொரானிஸ், எலன் கிரீன், வின்சென்ட் கார்டீனியா, ஸ்டீவ் மார்ட்டின் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். செடிக்குக் குரல் கொடுத்தவர் ஃபோர் டாப்ஸ் இசைக்குழுவின் பாடகர் லீவை ஸ்டப்ஸ். படத்தின் செலவு ஏறத்தாழ 2.5 கோடி அமெரிக்க டாலர். அமெரிக்காவில் வசூல் ஏறத்தாழ 3.9 கோடி டாலர்.

கதைச் சுருக்கம்

சீமோர் ஏழ்மையான நகர்ப்பகுதி ஒன்றில் உள்ள பூக்கடையின் பணியாளன். சூரிய கிரகணத்தின்போது தோன்றிய விந்தையான செடி ஒன்றை வாங்கி வந்து, தான் நேசிக்கும் சக பணியாளரின் பெயரால் அதற்கு 'ஓட்ரி 2' எனப் பெயரிடுகிறான். செடி மனித இரத்தத்தை மட்டுமே உணவாகக் கொள்கிறது. அது வளர வளரக் கடைக்குப் பெயரும் பணமும் சேர்கின்றன. சீமோர் அதற்கு மனிதர்களை இரையாக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறான்.

இரு முடிவுகள்

முதலில் எடுக்கப்பட்ட முடிவு மேடை நாடகத்தின் முடிவைப் பின்பற்றியது. செடியின் பற்களால் படுகாயமடைந்த ஓட்ரி, இறந்தபின் தன்னைச் செடிக்கே உணவாகக் கொடுக்குமாறு சீமோரிடம் வேண்டுகிறாள். அவனும் அவ்வாறே செய்கிறான். பின்னர் செடியை அழிக்க முயலும் அவனும் அதற்கு இரையாகிறான். செடியின் கன்றுகள் நாடெங்கும் விற்கப்பட்டு, பேருருவம் கொண்டு நியூயோர்க் நகரை அழிக்கின்றன. சுதந்திர தேவி சிலையின் மீதும் ஒரு செடி ஏறி நிற்கிறது.

இந்த அழிவுக் காட்சிகளைச் சிறு அளவு மாதிரி உருக்களைக் கொண்டு ரிச்சர்ட் கான்வே தலைமையிலான குழுவினர் உருவாக்கினர். பல மாத உழைப்பில் உருவான இப்பகுதிக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் செலவானது. இது படத்தின் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும்.

வெளியீட்டுக்கு முன் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் சோதனைத் திரையிடல் நடத்தப்பட்டது. பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டிய பார்வையாளர்கள், நாயகனும் நாயகியும் இறந்தபின் முற்றிலும் அமைதியாகினர். படத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பதாகத் தெரிவித்தோர் 13 விழுக்காட்டினர் மட்டுமே. வெளியீட்டுக்குத் தேவை எனக் கருதப்பட்ட அளவு 55 விழுக்காடு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த மற்றொரு திரையிடலிலும் வேறுபாடு இல்லை.

மேடையில் இறந்த பாத்திரங்களின் நடிகர்கள் நாடகம் முடிந்ததும் மீண்டும் வந்து வணங்குகின்றனர்; திரையில் இறந்தவர்கள் திரும்புவதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்கு ஓஸ் கூறிய காரணம் ஆகும். திரையின் அண்மைக் காட்சிகள் பார்வையாளரைப் பாத்திரங்களுடன் மேலும் நெருக்கமாகப் பிணைத்துவிட்டன என்றும் அவர் கருதினார். மூல முடிவை விரும்பியிருந்த ஓசும் ஆஷ்மனும் அதனைக் கைவிட்டுப் புதிய முடிவை உருவாக்கினர்.

புதிய முடிவில் சீமோர் ஓட்ரியைக் காப்பாற்றுகிறான். மின்சாரம் பாய்ச்சிச் செடியை அழிக்கிறான். இருவரும் மணந்து புறநகர் வீடொன்றில் குடியேறுகின்றனர். தோட்டத்தில் சிறு ஓட்ரி 2 ஒன்று புன்னகைப்பதுடன் படம் முடிகிறது. செடியின் கன்றுகளை விற்க வரும் வணிகராக முதலில் பால் டூலி நடித்திருந்தார். மறுபடப்பிடிப்புக்கு அவர் வர இயலாமையால் அவ்வேடம் ஜிம் பெலூஷிக்குச் சென்றது. படம் 1986 டிசம்பர் 19 அன்று வெளியானது.

தொடக்க காலப் பதிப்புகள்

திரையரங்கு ஓட்டத்தின் பின் இப்படம் வி.எச்.எஸ் நாடாவிலும் லேசர் வட்டிலும் வெளிவந்தது. நாடாக்களை வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியிருந்த காலம் அது. இப்படத்தின் இரசிகர்களில் பலர் படத்தை முதன்முதலில் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே கண்டனர். இப்பதிப்புகளில் இடம்பெற்றது மகிழ்ச்சியான முடிவு மட்டுமே.

எனினும் வேறு முடிவு ஒன்று இருந்தது என்பதற்கான சான்று இரசிகர்களின் கையிலேயே இருந்தது. செடிகளுக்கு உணவளிக்க வேண்டாம் என எச்சரிக்கும் நாடகத்தின் இறுதிப் பாடல் படத்தில் இல்லை. ஆனால் படத்தின் இசைத்தட்டில் இடம்பெற்றிருந்தது. காட்சியைக் காணாதவர்களும் அதன் பாடலைக் கேட்க முடிந்தது.

1998 டிவிடி

டிவிடி வடிவம் அமெரிக்கச் சந்தைக்கு 1997 இல் வந்தது. ஒரே வட்டில் படத்துடன் கூடுதல் ஒலித்தடங்களையும் ஆவணப்படங்களையும் சேர்க்க இடமிருந்தமையால், கூடுதல் இணைப்புகள் விற்பனைக்கு உதவும் அம்சமாக மாறின. வார்னர் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட இப்படத்தின் சிறப்புப் பதிப்பும் இவ்வகையைச் சார்ந்ததே. அதில் ஏறத்தாழ 23 நிமிட நீளமுள்ள மூல முடிவு முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

அப்பகுதி கறுப்பு வெள்ளையில் இருந்தது. ஒலியும் சிறப்புக் காட்சி விளைவுகளும் முழுமை பெறவில்லை. படச்சுருளில் தொகுப்புப் பணி நடைபெற்ற காலத்தில், ஒலி, இசைப் பணியாளர்களின் பயன்பாட்டுக்கெனக் குறைந்த செலவில் கறுப்பு வெள்ளைப் படிகள் எடுக்கப்படுவது வழக்கம். இத்தகைய படிகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை அல்ல.

தயாரிப்பாளரும் உரிமையாளருமான கெஃபனுக்கு இவ்விணைப்பு பற்றி முன்கூட்டியே தெரியவில்லை. மூல முடிவை உரிய வடிவில் சேர்த்துப் படத்தைத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட அவர் எண்ணியிருந்தார். முற்றுப்பெறாத நிலையில் அது வெளியானதை அவர் ஏற்கவில்லை. வட்டுகள் சில நாட்களிலேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

அதற்குள் விற்றுப்போன படிகள் சேகரிப்பாளர்களின் தேடுபொருளாயின. ஈபே ஏலத் தளத்தில் அவை 150 டாலருக்கும் கூடுதலான விலைக்குக் கைமாறின. மூல முடிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த இரசிகர்கள் அதனைத் தேடிப் பார்க்க, திரும்பப் பெறப்பட்ட இவ்வட்டே நீண்ட காலம் முதன்மை வழியாக விளங்கியது.

2000 டிவிடி

மூல முடிவு நீக்கப்பட்ட இரண்டாவது டிவிடி பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. ஓசின் விளக்கவுரை, படம் உருவான கதையைக் கூறும் ஆவணப்படம் முதலிய ஏனைய இணைப்புகள் இதிலும் இருந்தன. இதனால் விளக்கவுரையும் ஆவணப்படமும் எளிதில் கிடைக்க, இரசிகர்கள் மிகவும் விரும்பிய இணைப்பு மட்டும் கிடைக்காத நிலை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

2012 இயக்குநர் பதிப்பு

நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் உள்ள மியூசியம் ஆஃப் த மூவிங் இமேஜ் அருங்காட்சியகத்தில் 2011 நவம்பரில் நடந்த நிகழ்ச்சியில், மூல முடிவு மீளமைக்கப்படுகிறது என்பதை ஓஸ் அறிவித்தார். கண்டெடுக்கப்பட்ட வண்ண எதிர்ப்படச் சுருள்களைக் கொண்டும், ஓஸ் உள்ளிட்ட படக்குழுவினரின் தயாரிப்புக் குறிப்புகளைக் கொண்டும் வார்னர் நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. இப்பதிப்புக்கு முதலில் வேறு பெயர் எண்ணப்பட்டிருந்தது. ஓஸ் ஆதரவளித்த பின்னரே 'இயக்குநர் பதிப்பு' என்னும் பெயர் வழங்கப்பட்டது.

இப்பதிப்பு 2012 செப்டம்பர் 29 அன்று 50ஆவது நியூயோர்க் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தொடர்ந்து அக்டோபர் 9 அன்று புளூ-ரே, டிவிடி வடிவங்களில் வெளியானது. 1998 வட்டில் மூல முடிவு படத்திலிருந்து பிரிந்த தனி இணைப்பாக இருந்தது. புதிய பதிப்பில் அது படத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தது. புளூ-ரே பதிப்பு இரு வடிவங்களையும் கொண்டிருந்தமையால், எந்த முடிவைக் காண்பது என்பதைப் பார்வையாளரே தேர்ந்தெடுக்கலாம். திரையரங்கு வடிவத்தின் நீளம் 94 நிமிடங்கள். இயக்குநர் பதிப்பின் நீளம் 103 நிமிடங்கள். பால் டூலி நடித்த காட்சியும் இதன்மூலம் படத்துக்குத் திரும்பியது.

மூல முடிவை மேடைக்கும் திரைக்கும் எழுதிய ஆஷ்மன் 1991 இல் காலமானார். செடிக்குக் குரல் கொடுத்த ஸ்டப்ஸ் 2008 இல் காலமானார். இருவரும் இந்த மீளமைப்பைக் காணவில்லை.

சிறப்பு இணைப்புகள்

இப்படத்தின் வட்டுகளில் இடம்பெற்ற முதன்மை இணைப்புகள் பின்வருமாறு:

- இயக்குநர் விளக்கவுரை: படம் ஓடும்போதே ஓசின் குரலைக் கேட்கும் வகையில் அமைந்த தனி ஒலித்தடம். இத்தகைய விளக்கவுரை முதலில் லேசர் வட்டுகளில் தோன்றியது. 1984 இல் கிரைட்டீரியன் வெளியிட்ட கிங் காங் வட்டு இதற்கு முன்னோடி ஆகும்.
- ஆவணப்படம்: கோர்மனின் படத்திலிருந்து மேடை வழியாகத் திரைக்கு வந்த கதையையும், செடி இயக்கப்பட்ட முறையையும் விளக்குவது.
- நீக்கப்பட்ட காட்சிகளும் தவறிய படப்பிடிப்புத் துண்டுகளும்.
- மூல முடிவு பற்றிய குறும்படம்: 2012 பதிப்புக்கெனப் புதிதாக எடுக்கப்பட்டது. ஓசும் ரிச்சர்ட் கான்வேயும் இதில் பேசுகின்றனர்.
- திரைப்பட முன்னோட்டங்கள்.

செடியை வடிவமைத்தவர் லைல் கான்வே. கணினி வரைகலை இன்றி, முழுவதும் பொம்மலாட்ட நுட்பத்தில் அது இயங்கியது. பெரிய செடியின் உதடுகளைப் பாடலின் வேகத்துக்கு அசைக்க இயலவில்லை. எனவே அக்காட்சிகள் நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதிலாக 16 அல்லது 12 சட்டங்களாகப் படமாக்கப்பட்டன. உடன் நடித்த மொரானிஸ் முதலியோர் மெதுவாக அசைந்தும் வாயசைத்தும் நடித்தனர். வழக்கமான வேகத்தில் காட்டும்போது செடியின் பேச்சு இயல்பாகத் தோன்றியது. சிறப்புக் காட்சி விளைவுகளுக்காக இப்படம் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்துக்கெனப் புதிதாக எழுதப்பட்ட 'மீன் கிரீன் மதர் ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்' பாடலும் அவ்வாறே பரிந்துரைக்கப்பட்டது.

மதிப்பீடு

சோதனைத் திரையிடல்களில் நிராகரிக்கப்பட்ட முடிவு, வீட்டுப் பார்வையாளர்களிடம் வேறுவிதமான வரவேற்பைப் பெற்றது. இவ்விரு குழுவினரும் ஒரே நிலையில் படத்தைக் காணவில்லை என்பது கருதத்தக்கது. 1986 இன் பார்வையாளர்கள் முடிவை அறியாமல் வந்தவர்கள்; 2012 இல் வட்டை வாங்கியோரில் பலர் படத்தை முன்பே அறிந்தவர்கள், நீக்கப்பட்ட முடிவைத் தேடி வந்தவர்கள். ஆகவே பிற்கால வரவேற்பைக் கொண்டு, சோதனைத் திரையிடலின் முடிவு தவறானது எனக் கூறிவிட இயலாது.

கதையின் நோக்கில் இரு முடிவுகளும் வெவ்வேறு பொருள் தருகின்றன. புகழுக்காகக் கொலைக்குத் துணைபோன சீமோர், மூல முடிவில் அதன் விலையைச் செலுத்துகிறான். திரையரங்கு முடிவில் அவன் தப்பிவிடுகிறான். கோர்மனின் படத்திலும் மேடை நாடகத்திலும் சீமோர் உயிர் பிழைப்பதில்லை. 1986 ஆம் ஆண்டின் திரையரங்கு வடிவமே இவ்வரிசையிலிருந்து விலகி நிற்கிறது.

பதிப்புகளின் சுருக்கம்

- 1998, டிவிடி: திரையரங்கு வடிவம், இணைப்பாகக் கறுப்பு வெள்ளையில் மூல முடிவு. திரும்பப் பெறப்பட்டது.
- 2000, டிவிடி: திரையரங்கு வடிவம், மூல முடிவு இல்லை.
- 2012, புளூ-ரே: திரையரங்கு வடிவமும், மூல முடிவு வண்ணத்தில் சேர்க்கப்பட்ட இயக்குநர் பதிப்பும்.
- 2012, டிவிடி: இயக்குநர் பதிப்பு.