எஸ்யூவி, செடான் தானுந்துகளின் உள்ளிட ஒப்பீடு

எஸ்யூவி, செடான் தானுந்துகளின் உள்ளிட ஒப்பீடு என்பது இவ்விரு வகைத் தானுந்துகளில் பயணிகளுக்கும் பொதிகளுக்கும் கிடைக்கும் இடத்தையும் இருக்கைகளின் அமர்வு வசதியையும் ஒப்பிட்டு அறிவதாகும். இயந்திர அறை, பயணியர் அறை, பொதியறை ஆகிய மூன்றும் தனித்தனியே அமைந்த தானுந்து செடான் எனப்படும். எஸ்யூவியில் பயணியர் அறையும் பொதியறையும் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து அமைகின்றன. தரையும் கூரையும் உயர்ந்திருக்கும். எஸ்யூவி வெளியில் பெரிதாகத் தோன்றினாலும், உள்ளே எல்லாத் திசைகளிலும் கூடுதல் இடம் உள்ளது என்று கொள்ள இயலாது. ஒத்த விலையும் நீளமும் உடையவற்றில், பொதுவாக எஸ்யூவி உயரவாக்கிலும் செடான் நீளவாக்கிலும் இடத்தைத் தருகின்றன.

அளவிடும் முறை

உள்ளிடம் தலையிடம், காலிடம், தோளிடம் எனப் பிரித்து அளக்கப்படுகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு அமையும் இடமே இவ்வளவுகளுக்கு அடிப்படைப் புள்ளியாகும். பொதியறையின் கொள்ளளவு லிட்டரில் தரப்படும். செருமானிய முறையில், 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி, எத்தனை கட்டைகள் கொள்ளும் என்று எண்ணுவர்.

ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செடான்களைப் பயணியர் அறை, பொதியறை ஆகியவற்றின் கூட்டுக் கொள்ளளவைக் கொண்டு வகைப்படுத்துகிறது. 110 முதல் 119 கன அடி வரை உள்ளவை நடுத்தரத் தானுந்துகள். 120 கன அடியும் அதற்கு மேலும் உள்ளவை பெரிய தானுந்துகள். எஸ்யூவிகளோ உள்ளிடத்தைக் கொண்டன்றி, எடையைக் கொண்டே வகைப்படுத்தப்படுகின்றன. எனவே 'பெரிய எஸ்யூவி' என்னும் பெயர் உள்ளே எவ்வளவு இடம் உண்டு என்பதைக் காட்டுவதில்லை.

ஒரே நிறுவனத்தின் மூன்று தானுந்துகள்

காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்துள்ள ஹூண்டாய் நிறுவனத்தின் மூன்று தானுந்துகள் இவ்வொப்பீட்டிற்குப் பொருத்தமானவை. வெர்னா ஒரு செடான். கிரெட்டா ஐந்து பேர் அமரும் எஸ்யூவி. அல்கசார் மூன்று வரிசை கொண்ட எஸ்யூவி. அடைப்பில் உள்ளவை அவ்வடிவம் இந்தியாவில் அறிமுகமான ஆண்டுகள்.

| அளவு | வெர்னா (2023) | கிரெட்டா (2024) | அல்கசார் (2021) |
|---|---|---|---|
| நீளம் (மி.மீ.) | 4535 | 4330 | 4500 |
| அகலம் (மி.மீ.) | 1765 | 1790 | 1790 |
| உயரம் (மி.மீ.) | 1475 | 1635 | 1675 |
| அச்சுகளின் இடைத்தொலைவு (மி.மீ.) | 2670 | 2610 | 2760 |
| பொதியறை (லிட்டர்) | 528 | 433 | 180 |

கிரெட்டா வெர்னாவைவிட 160 மி.மீ. உயரமானது; ஆனால் 205 மி.மீ. நீளம் குறைந்தது. பொதியறையும் 95 லிட்டர் சிறியது. எனினும் எஸ்யூவியின் பின்னிருக்கையை மடக்கினால் உயரமான பொருள்களை ஏற்றலாம். செடானில் அதன் சிறிய திறப்பு தடையாகும். அல்கசாரின் 180 லிட்டர் என்பது மூன்று வரிசைகளிலும் ஆட்கள் அமர்ந்திருக்கும்போது எஞ்சும் இடமாகும்.

இருக்கையின் உயரமும் அமர்வும்

எஸ்யூவியின் இருக்கை தரையிலிருந்து உயர்ந்திருப்பதால், நாற்காலியில் அமர்வதுபோல் இடுப்பைச் சற்றே நகர்த்தி அமரலாம். செடானில் உடலைத் தாழ்த்தி உள்ளே இறங்கி, இறங்கும்போது முழங்கால்களை ஊன்றி எழ வேண்டும். முழங்கால் வலி உள்ளோருக்கும் முதியோருக்கும் இவ்வேறுபாடு பெரிது. ஆனால் தரை மிக உயர்ந்த எஸ்யூவிகளில் படி வைத்து ஏற வேண்டியிருப்பதால் இந்நன்மை குறைந்துவிடும்.

அமர்ந்தபின் நிலை வேறு. இருக்கைக்கும் காலடித் தரைக்கும் இடையிலான உயரமே தொடைக்குத் தாங்கல் தருகிறது. பொலேரோ, சுமோ போன்று தனி அடிச்சட்டத்தின் மேல் கூடு அமைந்த வண்டிகளில் தரை உயர்ந்துவிடுவதால், கூரையும் உயர்த்தப்படாவிடில் இவ்வுயரம் குறைந்து முழங்கால்கள் மேலெழும். செடானில் கால்களை நீட்டிச் சாய்ந்து அமரலாம். ஆயினும் சரிந்து இறங்கும் கூரை உயரமானவர்களின் தலையிடத்தைக் குறைக்கிறது.

இருக்கையின் உயரம் எஸ்யூவிக்கு மட்டும் உரியதன்று. 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர் ஒரு செடானே. அது ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் உயரமும் உடையது; இவை இன்றைய கிரெட்டாவின் அளவுகளை ஒட்டியவை. வேட்டி, சேலை உடுத்தியோரும் எளிதில் ஏறி இறங்க அதன் உயர்ந்த இருக்கை உதவியது.

மூன்றாம் வரிசையும் பாதுகாப்பும்

ஏழு பேர் அமரலாம் என்று குறிக்கப்படும் எஸ்யூவிகள் பலவற்றில் மூன்றாம் வரிசை பின்னச்சின் மேல் அமைவதால் அதன் தரை உயர்ந்திருக்கும். அங்கு அமர்வோரின் முழங்கால்கள் மார்பை நோக்கி உயர்கின்றன. தலையும் பின்கதவுக் கண்ணாடிக்கு அருகில் இருக்கும். சிறுவர்களுக்கோ குறுகிய பயணத்திற்கோ இவ்விடம் போதுமானது.

பழைய சுமோ, பொலேரோ ஆகியவற்றில் பின்புறம் எதிரெதிரே பக்கவாட்டு இருக்கைகள் இருந்தன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3)ஆம் விதி, முன்னோக்கிய பின்னிருக்கைகளில் அமர்வோர் இருக்கைப்பட்டை அணிய வேண்டும் என்கிறது. பக்கவாட்டு இருக்கைகள் இதில் அடங்குவதில்லை. திடீரென வண்டி நிறுத்தப்பட்டால் அங்கிருப்போர் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுவர். ஆகவே அமரும் இடத்தின் எண்ணிக்கை, காக்கப்படும் இடத்தின் எண்ணிக்கை ஆகாது. எஸ்யூவியில் இருக்கையின் முதுகுக்கு மேல் அடுக்கிய பொதிகளும் முன்னோக்கிப் பாயக்கூடும்; செடானில் பொதியறை தடுப்பால் பிரிக்கப்பட்டுள்ளது.

சாலையின் தாக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள தியாகதுருகம், சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 79-இல் அமைந்துள்ளது. அங்கிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடும்பயணத்தில் வேகம் சீராக இருக்கும். இத்தகைய சாலையில் தாழ்ந்த செடானின் அசைவு குறைவு. சாய்ந்த அமர்வும் களைப்பைக் குறைக்கிறது.

அதே ஊரிலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் பாதை வளைவுகள் நிறைந்தது. வளைவுகளில் எஸ்யூவியின் உயர்ந்த கூடு அதிகம் சாய்வதால், பின்வரிசையில் இருப்போருக்குத் தலை ஆட்டமும் குமட்டலும் நேரலாம். ஆனால் மேடுபள்ளங்களில் அடிப்பகுதி தட்டாமல் செல்லவும் வெளியைப் பார்த்துக்கொண்டு அமரவும் அதன் உயரம் உதவும்.

வரியும் நீளமும்

இந்தியாவில் 2006 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு தானுந்துகளுக்குக் குறைந்த வரி விதிக்கப்பட்டது. இதனால் செடான்களின் பின்பகுதி வெட்டிக் குறுக்கப்பட்டது. 2008-இல் வெளிவந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளமும் 440 லிட்டர் பொதியறையும் கொண்டிருந்தது. 2012-இல் நீளம் 3995 மி.மீ. ஆனபோது பொதியறை 316 லிட்டராகக் குறைந்தது. 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா என்னும் எஸ்யூவியும் அதே 3995 மி.மீ. நீளத்தில் 328 லிட்டர் பொதியறையையே கொண்டிருந்தது. நீளம் கட்டுப்படுத்தப்பட்ட இவ்வகுப்பில் இருவகைக்கும் பொதியிட வேறுபாடு சிறிதே. உயரமே முதன்மையான வேறுபாடாகும்.

தேர்வின்போது கவனிக்கத்தக்கவை

* ஓட்டுநர் இருக்கையைத் தமக்கு ஏற்றவாறு அமைத்தபின், அதன் பின்னிருக்கையில் தாமே அமர்ந்து முழங்காலிடத்தைப் பார்த்தல்.
* வீட்டிலுள்ள முதியோரை ஏறி இறங்கச் செய்து பார்த்தல்.
* பின்னிருக்கையில் மூவரை ஒருசேர அமர்த்தி, நடுவிலிருப்பவரின் காலடித் தரை மேடாக உள்ளதா என்று பார்த்தல்.
* மூன்று வரிசை வண்டியாயின், எல்லா இருக்கைகளும் நிறைந்த நிலையில் பொதிகளை வைத்துப் பார்த்தல்.