யாழ் நூலின் ஊற்றுக்கண்

கிழக்கிலங்கையில், கோமாரியிலிருந்து திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் வழியாக வடக்கே செல்லும் கடலோரப் பாதை, கல்முனையை அடையுமுன் காரைதீவைத் தொடுகிறது. வழக்கொழிந்த யாழை ஆராய்ச்சியால் மீட்டளித்த விபுலாநந்த அடிகள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய், மயில்வாகனம் என்னும் இயற்பெயருடன் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி பிறந்தது இவ்வூரிலேயே.

இக்கரைக்குச் சங்கீத சபைகள் வாய்க்கவில்லை. கண்ணகி வழிபாடு வாய்த்தது. வைகாசியில் அம்மன் கோயிற் கதவு திறந்தது முதல் பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடி முடியும்வரை, ஏட்டை விரித்து, உடுக்கின் ஒலிக்கிசைய, கண்ணகி வழக்குரையைக் காதை காதையாகப் பாடுவது இங்கே பரம்பரை வழக்கம். கடலோட்டு காதைக்கும் வழக்குரைத்த காதைக்கும் இடையே, மாதவி அரங்கேறும் காதையும் அதில் உண்டு. கோயில் சூழலில் வளர்ந்த சிறுவனுக்குச் சிலப்பதிகாரக் கதை, ஏட்டில் எழுத்தாகக் காணுமுன் செவியில் இசையாகவே புகுந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவரை அணைந்து கிடந்தது, மீன்பாடும் வாவி. நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தருகே ஓடத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு, மறு முனையில் செவி வைப்போர்க்கு அந்நாதம் கேட்கும் என்பர். அதனையே அடிகள் யாழ் நூலில் நீரர மகளிர் இசையாகப் பாடிவைத்தார்.

1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1924இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளை ஆதாரமாகக் கொண்டு, இருபத்திரண்டு அலகுகளையும் பாலைத் திரிபுகளையும் கணித முறையால் நிறுவி, வில்யாழ் முதல் சகோடயாழ் ஈறாக வகுத்துரைத்த ஏழியற் பெருநூல், 1947 ஜூன் 5, 6ஆம் தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் மறைந்தார்.

அலகுகளை அளந்து காட்டும் வித்தையைப் பௌதிக சாஸ்திரம் தந்தது. ஆனால், பண்டிதர் பலர் உரைநூலோடு நிறுத்திக்கொண்ட அந்தச் சிலப்பதிகார அடிகள் ஒருகாலத்தில் உயிருடன் ஒலித்த இசையின் இலக்கணம் என்னும் உறுதியை, சிலம்பின் கதையை வருஷந்தோறும் பாடிக் காத்த ஊரே அவருக்குத் தந்திருக்க முடியும்.