ஊர்காவற்றுறை: ஒரு பழந்துறையின் சுவடுகள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஊர்காவற்றுறையின் வணிகச் சிறப்புக்குத் தலையாய சான்றாகும். 1963இல் கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்தார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும், அவர்களுக்குத் தீங்கு நேரலாகாது என்பது மன்னன் ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகச் சரக்காயின் சரிபாதி. சிங்கள மன்னனொருவன் வணிகர்பொருட்டுத் தமிழிற் சட்டம் பொறித்தமை எண்ணத்தக்கது. அயலிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் ஆராயப்பட்ட சொங் காலச் சீன மட்கலங்கள், அவ்வாணைக்கு முன்னரே தூரதேசச் சரக்கு இங்கு வந்ததை உணர்த்துகின்றன. பின்னர் போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை எனத் தம்மொழியில் வழங்கினர். கயிற்ஸ் என்னும் பெயர் அதன் எச்சமே.

1990களின் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் கடற்கோட்டை கடற்படையினரின் விடுதியாயிற்று. கோட்டை பிழைத்தது உண்மை. ஆயினும் கோட்டை காவலுக்கு எழுந்ததேயன்றி, காக்கப்பட்ட பொருள் துறையும் கடைத்தெருவுமே. அவற்றைச் சூழ்ந்து சிதைந்து கிடக்கும் பழைய வீடுகளுக்கு அத்தகைய பயன் எவரும் கண்டிலர். புதுக்கட்டடம் எழுமுன் அவற்றை அளந்து, படம்பிடித்துப் பதிந்து வைத்தலேனும் வேண்டும். கதவும் தூணும் விறகாகிய பின் அளப்பதற்கு எதுவுமிராது.

நெடுந்தீவிலே சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கி வேலி எழுப்புங் கைவினையும் இவற்றோடு சேர்த்தெண்ணத்தக்கது. வேலி விழுந்த இடந்தோறும் சிமெந்து மதில் எழுமாயின், கல்லடுக்கும் கை பழகுவதற்கு வேலியே இராது.