கணவாய்: உள்ளே போன ஓடு

இலங்கையின் பேலியகொடைச் சந்தையில் மீனோடு மீனாக விற்கப்பட்டாலும் கணவாய் மீனன்று; நத்தைக்கும் மட்டிக்கும் உறவான மெல்லுடலி. 1758இல் லின்னேயசு பெயரிட்ட ஐரோப்பியக் கணவாயான செபியா ஒபிசினாலிஸ் நம் கடலில் இல்லை. இங்கே வலையில் படும் பெரிய கணவாய், 1831இல் எரென்பெர்க் பெயரிட்ட செபியா பாரோனிஸ். ஒபிசினாலிஸ் என்ற சொல் மருந்துக்கடையைக் குறிப்பது. சித்த மருத்துவமும் கணவாய் ஓட்டைக் கடல்நுரை என்று மருந்தாக்கியது. அது நுரையே அல்ல என்பது வேறு விடயம். ஆனால் இந்த ஓட்டின் கதை மருந்தோடு முடிவதில்லை. சூழலோடு ஒத்துத் தன்னை மறைக்கும் கணவாயின் உருமறைப்பை விளக்கத் தோலிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஓட்டிலிருந்து தொடங்குவதே சரி.

மூதாதையரின் உடலுக்கு வெளியே கவசமாக இருந்த ஓடு, கணவாயில் முதுகுத் தோலுக்கு அடியில் போய்விட்டது. அதன் மெல்லிய அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துக் கணவாய் மிதக்கிறது என்பதை 1960ஐ ஒட்டி டென்டன், கில்பின்-பிரவுன் என்ற ஆய்வாளர்கள் காட்டினர். ஓடு மிதவையானதும் உடல் காப்பின்றி நின்றது. காக்கும் வேலை தோலின் தலையில் விழுந்தது. மஞ்சள், செம்மை, பழுப்பு நிறப் பைகளைச் சுற்றியுள்ள தசைகள் மூளையின் நேரடி நரம்புக் கட்டளையில் இழுபட, பைகள் நொடிக்குள் விரிகின்றன. அடியிலுள்ள உயிரணுக்கள் ஒளியைத் திருப்பி வெண்மையும் மினுக்கமும் தருகின்றன. தோலே முட்களாக எழும்பிப் பாசியின் தோற்றமும் எடுக்கும். பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) இந்த ஓடே இல்லை, அதுவும் நிறம் மாறுகிறதே என்று கேட்கலாம். ஓட்டை இழந்து தோலையே நம்பும் அது இந்த வாதத்துக்கே துணை. மாறாக, வெளியோட்டை இன்றுவரை விடாத கணவாயின் உறவான நாட்டிலசின் தோலில் இந்த நிறப் பைகள் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு கண்ணைப் பற்றியது. கணவாயின் விழித்திரையில் ஒரே வகை ஒளிநிறமிதான் உண்டு. நிறம் பிரித்தறியாத உயிர் நிறத்தோடு எப்படி ஒத்துப்போகும்? சோதனையில், நீலமும் மஞ்சளுமான கட்டத் தளத்தில், அதன் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிச்சமாகப் பட்டால், கட்டங்களே இல்லாததுபோல அது ஒரே சீராகக் கிடக்கிறது. அது ஒத்துப்போவது நிறத்தோடு அன்று; வெளிச்சத்தோடும் திட்டுகளின் அளவோடும்தான். ஆழம் கூடக் கூடச் சிவப்பொளி அற்றுப்போகும் கடலில், துரத்தும் மீனை ஏய்க்கப் பெரும்பாலும் அதுவே போதும். பிடித்து அதிக நேரம் ஆகாத கணவாயைக் கரையில் பார்க்கக் கிடைத்தால் முதுகை உற்றுப் பாருங்கள்: உயிர் போன பின்னும் புள்ளிகள் சற்று நேரம் விரிந்து சுருங்கும்.