ஜீரோ எங்கே இருக்கு? ஹாராக்ஸ் பெட்டியிலிருந்து குளோரின் சென்சார் வரை

திண்டிவனம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் மாட்டின குளோரின் சென்சார் 0.3 என்று காட்டியது. குடிநீரில் குறைந்தது 0.2 மி.கி./லிட்டர் மீதக் குளோரின் இருக்கணும் என்கிறது ஐ.எஸ். 10500. அப்ப சரிதானே? பிரச்சினை என்னன்னா, ரெண்டு வாரமா அந்தத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடரே போடல. அம்மா குடிச்சிட்டிருந்தது வெறும் போர் தண்ணி.

விழுப்புரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் சொன்னேன். "ஜீரோ பார்த்தியா?" என்றார். அந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது, 1905-ல் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்க ஆரம்பித்தார். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி. எவ்வளவு போடணும் என்பதுதான் தலைவலி. முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸ் அதற்கு ஒரு பெட்டி செய்தார்: ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம். கறுப்பில் 2 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைசல். வெள்ளைக் கிண்ணங்களில் தண்ணீரை ஊற்றி ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஏறுவரிசையில் சொட்டு. அரை மணி கழித்து ஸ்டார்ச்-அயோடைடு. முதலில் நீலமாகும் கிண்ணத்தின் எண்தான், 455 லிட்டருக்கு எத்தனை 2 கிராம் கரண்டி என்ற விடை. நீலம் வராத கிண்ணங்களில் இருந்த குளோரினை அழுக்கே தின்றுவிட்டது. அவைதான் ஜீரோ! நம்ம ஊர் சுகாதார ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையா படிச்ச பெட்டி இது.

பிறகு வந்தது ஆர்த்தோடாலிடின், 1913-ல் எல்ம்ஸ், ஹவுசர் என்ற இருவர் தந்த முறை. மாமா பையில் வைத்திருந்த குளோரோஸ்கோப் இந்த வகை. குளோரின் இருந்தால் மஞ்சள். ஆனால் இரும்பு, மாங்கனீசு கலந்த தண்ணியிலும் மஞ்சள் தட்டும். அதனால் மருந்து விடாத அதே தண்ணியை பக்கத்துல வச்சுப் பார்ப்பாராம். 1957-ல் பாலின் கொண்டுவந்த, இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி இப்போது அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

என் சென்சார் நிறம் பார்க்காது, மின்னோட்டம் பார்க்கும். குளோரினே இல்லாவிட்டாலும் எலக்ட்ரோடில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடும். அதுதான் ஆஃப்செட். மாட்டின ஆள் குளோரின் போட்ட தண்ணியில், டிபிடியில் 1.0 வந்தபோது சென்சாரையும் 1.0 ஆக்கிட்டு போயிட்டார். ஒரே புள்ளி வழியா எத்தனை கோடு வேணும்னாலும் போடலாம், நமக்கு ஒன்பதாம் வகுப்பு கணக்கு!

மெம்பரேன் இல்லாத வகை என்பதால் ஆர்.ஓ. தண்ணி ஆகாது, உப்பு குறைந்தால் மின்னோட்டமே மாறிவிடும். அதே போர் தண்ணியை, குளோரின் இல்லாமல், அரை மணி ஓடவிட்டு எண் நிலைத்ததும் ஜீரோ வைத்தேன். அப்புறம் பிளீச்சிங் கலந்து, டிபிடி காட்டின 0.6-க்கு ஸ்லோப். வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து.

இன்னொண்ணு, பி.எச். 7.5-ல் குளோரினில் பாதிதான் ஹைப்போகுளோரஸ் அமிலமா இருக்கும், 8-ல் கால் பங்கு. கிருமியைக் கொல்வதில் வீரியம் அதற்குத்தான். என் சென்சார் முக்கியமா உணர்வதும் அதைத்தான். பி.எச். மாறினால் என் ஸ்லோப்பும் மாறும்.

இப்ப வெறும் போர் தண்ணியில் 0.02 காட்டுது. மாசம் ஒரு தடவை மாமா டிபிடி குழாயோடு வந்து, ஸ்கிரீனைப் பார்க்காமலே தன் எண்ணை முதலில் சொல்வார்.