கயிறு பிடிக்க ஆள் வேண்டும்



நம் பேரன் பேத்திகளுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் தொடையில் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததும் அடுத்ததைத் தள்ளிப்போடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1956-ல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர், கோழிக்குஞ்சின் ஆசனவாய் அருகே இருக்கும் 'பர்சா' என்ற சிறு பையை அகற்றினால் எதிர்ப்பொருள் சரியாக உண்டாவதில்லை என்று எழுதினார். கோழி வளர்ப்பு ஆய்விதழில் வந்ததால் அப்போது பலர் கவனிக்கவில்லை. பர்சாவின் முதலெழுத்தால்தான் 'பி செல்' என்ற பெயர் வந்தது. நமக்குப் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன.

1961, தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் தொற்றுநோயில் மடிந்தன. 1968-ல் மெல்பர்னில் அவரும் கிரகாம் மிட்செலும் விடை கண்டார்கள்: எதிர்ப்பொருளைச் செய்வது மஜ்ஜையிலிருந்து வரும் செல், ஆனால் தைமஸிலிருந்து வரும் டி செல்லின் துணை அதற்கு வேண்டும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கல்லோடு மூழ்கி முத்துச்சிப்பி எடுப்பவர் ஒருவர். அவர் உயிர் இருப்பதோ படகில் கயிறு பிடித்தவர் கையில். பி செல் கிருமியைப் பற்றி விழுங்கி, அதன் புரதத் துண்டைத் தன் மேல் எடுத்துக் காட்டும். அதை அடையாளம் காணும் உதவி டி செல், பி செல்லைத் தொட்டு, பிழைத்திருக்கவும் பெருகவும் குறிப்புக் கொடுக்கும். குறிப்புக் கிடைத்த பி செல் பன்மடங்கு பெருகும். அதன் வழிவந்தவற்றில் சில, நினைவுச் செல்களாக ஆண்டுக்கணக்கில் வாழும். கிடைக்காதவை பெரும்பாலும் சில நாட்களில் மடியும்.

மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமியிடம்தான் சிக்கல் வந்தது. அது சர்க்கரை உறை போர்த்திய கிருமி. டி செல்லுக்குப் புரதம் தெரியும், அந்தச் சர்க்கரை தெரியாது. பெரியவர்களின் பி செல்கள் துணையில்லாமலும் ஓரளவு சமாளிக்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை சமாளிக்காது. அதனால் 1985-ல் அமெரிக்காவில் வந்த, சர்க்கரை உறையை மட்டும் கொண்ட தடுப்பூசி, நோய் அதிகம் தாக்கும் கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை.

வழி 1929-லேயே இருந்தது. ஏவரியும் கோபெலும் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்து முயல்களுக்குச் செலுத்தி, எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்டியிருந்தார்கள். ரேச்சல் ஷ்னீர்சன், ஜான் ராபின்ஸ் ஒரு பக்கமும், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் மறுபக்கமும் அந்த வழியைத் திரும்ப எடுத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடிக்கும், கூடவே வரும் புரதத்தை டி செல்லிடம் காட்டும், துணை கிடைத்துவிடும். 1990-ல் கைக்குழந்தைகளுக்கான ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்திய அரசுத் திட்டத்தில் இது 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை-பி ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி.

முதல் தவணை அறிமுகம் மட்டுமே. அடுத்தடுத்த தவணைகளில்தான் துணை திரும்பத் திரும்பக் கிடைத்துப் பாதுகாப்பு வலுப்படும். ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம். தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அடுத்த புதன்கிழமைக்குள் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.