ரோமானியத் தட்டுன்னு நினைச்சோம், மண்ணு வேற சொல்லுது!

விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ பாண்டிச்சேரி பஸ் ஏறினா, ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் பயணம். பாண்டிக்குப் பக்கத்துல, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில இருக்கு அரிக்கமேடு. இன்னைக்கு அங்க கிடைச்ச ஒரு தட்டோட கதை.

1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரிட்டைன் பாத்திரங்கள், ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகள் எல்லாம் கிடைத்தன. கூடவே மெல்லிசான ஒரு தட்டு. உள்பக்கம் வளையம் வளையமா குட்டிக் குட்டிப் பள்ளங்கள். பேரு ரூலட்டட் வேர். இதுவும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்குன்னு வீலர் முடிவு பண்ணினார்.

1980-களில் விமலா பெக்லி மறுத்தார். வேலைப்பாட்டு உத்தி வெளியிலிருந்து வந்திருக்கலாம், ஆனா தட்டு இங்கேயே செஞ்சது என்பது அவர் வாதம். சரி, இதை எப்படி நிரூபிக்கிறது? டிசைனை யாரும் காப்பி அடிக்கலாமே!

இங்கதான் லேப் வருது. ஒவ்வொரு ஆற்றுப் படுகைக் களிமண்ணிலும் கனிமக் கலவை வேற. ஓட்டுத் துண்டிலிருந்து கொஞ்சம் தூள் எடுத்து எக்ஸ்ரே பாய்ச்சினா, ஒவ்வொரு கனிமமும் தனக்குன்னு உள்ள கோணங்கள்ல கதிரைத் திருப்பி விடும். ஃபைல் பேரை மாத்தினாலும் மெட்டாடேட்டா காட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இது.

1991-ல் அர்டிகாவும் பெல்வுடும் வெளியிட்ட கட்டுரையில ஒரு ஆச்சரியம். இந்தோனேசியாவின் பாலித் தீவுல, செம்பிரான் என்ற ஊர்ல கிடைச்ச ஓடுகள் அரிக்கமேட்டு ஓடுகளோட ஒத்துப்போச்சு. 1997-ல் கோக்டே எக்ஸ்ரே ஆய்வு செஞ்சு, இந்த மண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் வட்டாரத்து மண்ணுன்னு சொன்னார். 2005-ல் வந்த வேதியியல் ஆய்வும், அனுராதபுரம், அரிக்கமேடு உட்பட பல ஊர்த் தட்டுகளுக்கு மண் ஒரே வட்டாரத்திலிருந்து வந்ததுன்னே காட்டுச்சு.

கவனிச்சீங்களா? தட்டு ரோம்லேருந்து வரலைன்னதும் நாம கைதட்டத் தயாராகிடுறோம். ஆனா அதே மெஷின், அது அரிக்கமேட்டு மண்ணும் இல்லைன்னு கைகாட்டுது. அறிவியல் யார் கட்சியும் இல்லை.

அதனால அரிக்கமேட்டுக்கு மதிப்பு குறையுதா? கூடத்தான் செய்யுது. ரோமுக்கு ஒரு கிளை ஆபீஸா இருந்த ஊர் இல்ல இது. இத்தாலி ஒயினும் வங்கக் கடலோரத் தட்டும் ஒரே கரையில இறங்கின துறைமுகம்.

அடுத்த முறை மியூசியத்துல 'வெளிநாட்டுப் பானை'ன்னு எழுதியிருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதைச் சொன்னது கண்ணா, மண்ணா?